வண்டியின் வயதைப் பார்ப்பதா, புகையைப் பார்ப்பதா?

பழைய டீசல் லாரிக்குப் பின்னால் டூவீலரில் மாட்டிக்கொண்டவருக்குக் கரித்துகள் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சட்டைக் காலரைப் பார்த்தாலே போதும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே சொல்லிவிட்டது. அதனால் குறைக்க வேண்டுமா என்பதில் சண்டை இல்லை. எந்த வழியில் குறைப்பது என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முதல் வழி, இனி விற்கிற வண்டியைச் சுத்தமாகச் செய்யச் சொல்வது. வண்டிப் புகைக்கு அரசு படிப்படியாக இறுக்கும் வரம்புகள்தான் பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்). அதில் பிஎஸ்-5 என்ற படியையே தாண்டிக் குதிப்பது என்று 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்து, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 வந்தது. டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் என்று இருந்த துகள் வரம்பு 4.5 ஆனது. எடையை விட எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை வரம்பு. கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகளுக்கு மேல் வரக்கூடாது என்கிறார்கள். இது என்னடா பெரிய வரம்பு என்று தோன்றும், ஆனால் டிபிஎஃப் என்கிற வடிகட்டியை மாட்டாமல் டீசல் எஞ்சின் அதற்குள் அடங்காது. அந்த வடிகட்டி ஒழுங்காக வேலை செய்ய எரிபொருளும் சுத்தமாக இருக்க வேண்டும். அதனால்தான் டீசலில் கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறக்கினார்கள்.

இதை ஏன் நாடு முழுவதற்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடமே ஒரு பாடம் இருக்கிறது. 2010-ல் டெல்லி, சென்னை உட்பட 13 பெருநகரங்களுக்கு மட்டும் பிஎஸ்-4 கொடுத்துவிட்டு மற்ற ஊர்களை பிஎஸ்-3-லேயே விட்டார்கள். நகரத்து கார்கள் மாறின. நாமக்கல்லில் பதிவான லாரி 350 பிபிஎம் கந்தக டீசலை வழியில் கிடைத்த பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொண்டு டெல்லிக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. லாரிக்கு ஊர் எல்லை கிடையாது. 2017-ல் பிஎஸ்-4 எல்லா இடத்துக்கும் வந்த பிறகுதான் அந்த ஓட்டை அடைந்தது.

பிஎஸ்-6-ன் குறை வேறு. அது புது வண்டிக்கு மட்டும்தான். ஒரு லாரி பதினைந்து, இருபது வருடம் ஓடும், முதல் கையிலிருந்து மூன்றாம் கைக்குப் போகும், கடைசியில் துறைமுகத்துக்கோ குவாரிக்கோ போய்ச் சேரும். அதோடு டிபிஎஃப்பில் சேரும் கரியை அவ்வப்போது சூடாக்கி எரிக்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்தே ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வராது, எச்சரிக்கை விளக்கு எரியும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ‘அதைக் கழற்றிவிட்டால் மைலேஜ் கிடைக்கும் அண்ணே’ என்று சொல்ல ஒரு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

சரி, பழையதை என்ன செய்வது? டெல்லி எடுத்த வழி வயது. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் பங்கிலேயே கேமரா வைத்து நம்பரைப் பார்த்து, வயதான வண்டிக்கு டீசல் தரக்கூடாது என்றார்கள். சில நாள்கூடத் தாங்கவில்லை. இருக்காதா பின்னே? மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் ரிட்டயர்டு ஆசிரியரின் காரும், ராத்திரி பகல் ஓடும் டாக்ஸியும் ஒரே தேதியில் செத்துப்போக வேண்டும் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அதைத் திருத்தி, பிஎஸ்-4-ம் அதற்குப் பிந்தியதும் தான் தப்பும், பிஎஸ்-3-ம் அதற்கு முந்தையதும் தப்பாது என்றது. எனக்கு இந்தக் கோடுதான் நியாயமாகப் படுகிறது. எந்த எஞ்சின் என்பதற்கும் எவ்வளவு கரி கக்கும் என்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, பிறந்த தேதிக்கு அவ்வளவு இல்லை.

மூன்றாவது, பழைய வண்டியிலேயே வடிகட்டி மாட்டுவது. டோக்கியோ செய்து காட்டியது இதைத்தான். அந்த ஊர் ஆளுநர் இஷிஹாரா கரி நிரப்பிய பாட்டிலைக் கேமரா முன்னால் குலுக்கிக் காட்டியதெல்லாம் தனிக் கதை. 2003 அக்டோபர் முதல் வரம்புக்குள் வராத டீசல் லாரியும் பஸ்ஸும் ஒன்று வடிகட்டி மாட்ட வேண்டும், இல்லையென்றால் டோக்கியோவுக்குள் வரக்கூடாது. வெளியூர் வண்டிக்கும் அதே சட்டம்தான். ஆனால் அடுத்த ஆண்டே பெரிய வணிக நிறுவனம் ஒன்று தான் விற்ற வடிகட்டியின் சோதனை முடிவுகளைப் பொய்யாகக் கொடுத்தது வெளியே வந்தது. அவ்வளவு கட்டுப்பாடான ஊரிலேயே அப்படி. நம் ஊரில் ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினில் இதை மாட்டினால் சீக்கிரம் அடைத்துவிடும். ஒழுங்காகப் பராமரிக்கும் டிப்போ பஸ்களுக்குச் செய்யலாம், மூன்றாம் கை லாரிக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

சிஎன்ஜி பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1998-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, இழுத்தடித்து, 2002 முடிவதற்குள் டெல்லி நகரப் பஸ்கள் எல்லாம் மாறின, கரும்புகை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. தினமும் ஒரே டிப்போவுக்குத் திரும்பும் வண்டிக்கு அருமையான வழி. ஆனால் அந்த லாபத்தை நாமே தின்றோம். பெட்ரோலை விட டீசலை மலிவாக வைத்திருந்ததால் 2012-13 வாக்கில் விற்ற கார்களில் பாதிக்கு அருகே டீசலாக இருந்தன. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு போன பிறகுதான் மோகம் தணிந்தது. விலையும் காற்றுக் கொள்கைதான், அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: பிஎஸ்-6-ஐ அப்படியே காப்பாற்றுவது, பிஎஸ்-3-ம் அதற்கு முந்தையதுமான லாரிகளை முதலில் காசு கொடுத்து வெளியே எடுப்பது, காருக்கு அப்புறம் வருவது. காசு இல்லை என்று சொல்ல முடியாது. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் செலவான பணத்தில் 64 சதவீதம் சாலைப் புழுதிக்கே போனது என்று அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் கணக்குக் காட்டியது. இலக்கைப் பிஎம்10-ல், அதாவது 10 மைக்ரான் வரையுள்ள எல்லாத் துகளின் மொத்த எடையில், வைத்தால் நகராட்சி துடைப்பத்தைத்தான் எடுக்கும். டீசல் கரியோ ஒரு மைக்ரானுக்கும் கீழே, அந்தக் கணக்கில் கண்ணிலேயே படாது.

இன்னொரு ஓட்டை, புகைச் சான்றிதழ். வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கும் சோதனை, கரும்புகை கக்குகிற காலத்துக்கானது. டிபிஎஃப்பைக் கழற்றிய நவீன எஞ்சின் அதில் சாதாரணமாகப் பாஸாகிவிடும், ஏனென்றால் புகை கண்ணுக்குத் தெரியாது. நெதர்லாந்து 2023 ஜனவரி முதல் டிபிஎஃப் உள்ள வண்டிகளுக்கு இந்தப் பழைய முறையை விட்டுவிட்டுத் துகளை எண்ணும் கருவிக்கு மாறிவிட்டது. எஞ்சினை ஐடிலில் விட்டுக் குழாயில் கருவியைச் செருகினால் ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை துகள் என்று காட்டும், 10 லட்சத்தைத் தாண்டினால் ஃபெயில்.