டிஎக்ஸ்7-க்கு ‘பேட்டரியே வேண்டாத மெமரி’: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் (மின்னணு கீபோர்டு) ஒன்று. சேமித்த ஒலிகளைக் காக்க உள்ளே சாலிடர் செய்திருந்த சிஆர்2032 காசுச் செல் இறங்கிவிட்டது, கோளாறு அவ்வளவுதான். சர்வீஸ் செய்தவர், "இனி ஆயுசுக்கும் பேட்டரியே வேண்டாம்" என்று மெமரி சிப்களையே மாற்றி, அதற்கேற்ற தொகையும் வாங்கிக்கொண்டார். மூன்றே மாதத்தில் 32 ஒலிகளும் போய்விட்டன. திறந்தால், ஏதோ பழைய போர்டிலிருந்து பிடுங்கிய டிஎஸ்1220 சிப்கள். கழற்றிய எஸ்ரேம் (மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நினைவு வைக்கும் அசல் மெமரி சிப்) குப்பைக்குப் போயாயிற்று. ஒலிகளை முன்கூட்டி எடுத்தும் வைக்கவில்லை.

டிஎஸ்1220 நல்ல சிப்தான். 6116 என்ற சாதாரண எஸ்ரேம் போலவே 2கே × 8 (2048 பைட்), 24 கால். ஆனால் லித்தியம் செல் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. ‘பேட்டரி இல்லை’ என்பதே பொய். புதுச் சிப்பில் அந்த செல் துண்டித்தே இருக்கும். முதல்முறை மின்சாரம் ஏறும்போதுதான் இணையும். அதிலிருந்து 10 ஆண்டு கணக்கு. பிடுங்கிய சிப்பில் அந்தக் கணக்கு எப்போதோ ஓடத் தொடங்கியிருக்கும்.

பார்த்தாலே சிலது பிடிபடும். செல் உள்ளே இருப்பதால் அசல் சிப் தடித்த கட்டியாக இருக்கும். சாதாரண சிப் போல மெலிந்திருந்தால் அது டிஎஸ்1220 சிப்பே இல்லை. கால்களின் மேல்பகுதியில் பழைய ஈயம், தேய்த்த மேற்பரப்பு, அசிட்டோனில் கரையும் எழுத்து எல்லாம் கெட்ட அறிகுறிகள். சிப்பில் எழுதிப் படிக்கும் கருவியான புரோகிராமரில் எழுதி, ஒரு வாரம் தனியே வைத்துப் படித்துப் பார்க்கலாம். தேறினால் செல் இன்று சாகவில்லை என்று மட்டும் அர்த்தம்.

புதுச் சிப்பும் சில போர்டுகளில் வேலை செய்யாது. எஸ்ரேமுக்கு 5 வோல்ட் ஒரு டயோடு வழியாக வந்தால் மின்சாரம் ஏறும் 24-ம் காலில் 4.4 வோல்ட் அளவே மிஞ்சும். டிஎஸ்1220-ல் ‘ஏபி’ வகைக்கு 4.75-ம் ‘ஏடி’ வகைக்கு 4.5-ம் வேண்டும், குறைந்தால் சிப் தன்னைப் பூட்டிக்கொள்ளும். டயோடைத் தாண்டி ஜம்பர் (நேரடி இணைப்பு ஒயர்) போடலாம், பழைய செல்லைக் கழற்றிய பிறகு மட்டும். செல் இருக்கும்போதே போட்டால், ஆஃப் செய்தபின் முழு போர்டும் அந்தச் செல்லை உறிஞ்சும்.

மின்சாரம் இல்லாமலே நினைவு வைக்கும் எஃப்ரேம் வகைச் சிப்புக்கு உண்மையிலேயே செல் கிடையாது. ஆனால் அந்த வகையான எஃப்எம்1608-க்கு 28 கால், அடாப்டர் வேண்டும். மிச்சமாகும் ஏ11, ஏ12 முகவரிக் கால்கள் இரண்டையும் கிரவுண்டில் கட்ட வேண்டும். ஒவ்வொரு அணுகலுக்கும் சிஇ கால் (சிப்பை இயக்கும் கால்) உயர் வோல்ட்டிலிருந்து தாழ் வோல்ட்டுக்கு இறங்கியாக வேண்டும். சிஇ தாழ்ந்தே நிற்க முகவரி மட்டும் மாறும் சர்க்யூட்டில் குப்பைதான் வரும். இதைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவரிடம் சிப்பைக் கொடுக்காதீர்கள்.

டிஎக்ஸ்7-க்கு எங்கள் கருத்தில் சிப் மாற்றமே வீண்செலவு. முதலில் 32 ஒலிகளையும் மிடி வழியாகக் கணினியில் சிஸெக்ஸ் கோப்பாக எடுங்கள். கோப்பு சரியாக 4104 பைட் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய செல்லைக் கழற்றி, சிஆர்2032 ஹோல்டரை ஒயரில் இழுத்துப் பொருத்துங்கள். வெறும் காசுச் செல்லின் மேல் நேராகச் சாலிடர் வைக்காதீர்கள், வெடிக்கலாம். பிளஸ், மைனஸை மீட்டரில் பாருங்கள். ஆன் செய்ததும் ஒலிப் பெயர்கள் தாறுமாறாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மெமரி புரொடக்ட் என்ற எழுத்துத் தடையை எடுத்துவிட்டு, சிஸெக்ஸை அனுமதிக்கும் சிஸ் இன்ஃபோ அமைப்பை ‘அவைல்’ ஆக்கி, கோப்பைத் திரும்ப ஏற்றுங்கள்.

ஏற்கெனவே சிப் மாற்றக் கொடுத்தாகிவிட்டதென்றால், ரசீதில் சிப்பின் முழு எண்ணை எழுதச் சொல்லுங்கள். கழற்றும் எஸ்ரேமையும் கவரில் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.