கொண்டைக் கெவுமா, அரியதரமா: சித்திரை வருடப் பிறப்புக்கு எதைச் சுடுவது?

கொண்டைக் கெவும் நடுவில் கொண்டைபோல எழும்பி நிற்கும் சிங்களப் பலகாரம்; அரியதரம் அதிரசம் போலத் தட்டிப் பொரிக்கும் இனிப்பு. இரண்டுக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான்: ஊறவைத்து இடித்த பச்சரிசி மா, இனிப்புப் பாகு, பொரிக்க எண்ணெய். ஆனால் கெவுமுக்கு மா ஊற்றும் பதம், அரியதரத்துக்குத் தட்டும் பதம். அதனால்தான் கெவும் பிழையாகிப் போவது தாச்சியில் (பொரிக்கும் சட்டியில்), அரியதரம் பிழையாகிப் போவது பாகில்.

மாவில் மட்டும் இரண்டுக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. அரிசியை மூன்று, நான்கு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரம் முற்றாகக் காயமுன் இடித்து அரியுங்கள். கடையில் வாங்கும் உலர்ந்த மாவில் கெவும் கொண்டை எழும்பாது, அரியதரம் வெடிக்கும்.

அரியதரத்துக்கு 500 கிராம் மாவுக்குச் சுமார் 400 கிராம் சீனி. பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் மெதுவாக உருட்ட வரவேண்டும். அந்தப் பதத்தில் உடனே இறக்கி மாவைக் கொட்டிக் கிளறி, ஓர் இரவு மூடி வையுங்கள். பாகு முற்றினால் பலகாரம் கல்லாகும். இளகினால் எண்ணெய்க்குள் பிரிந்து போகும். முதலில் ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். பிரிந்தால் கொஞ்சம் மா, இறுகினால் ஒரு கரண்டி பால் சேர்த்துப் பிசையலாம். இப்படித் திருத்த இடமிருப்பதால் புதிதாகச் சுடுபவர்களுக்கு இதுவே நல்லது. ஒரே நேரத்தில் மூன்று, நான்கு போடலாம். எடுத்தவுடன் இரண்டு அகப்பைக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடியுங்கள்.

கெவுமுக்குக் கித்துள் பாணிதான், அதாவது கித்துள் (கூந்தற்பனை) மரத்தின் பதநீரைக் காய்ச்சிய பாகு. சீனிப்பாகில் அந்த மணம் வராது. மா அகப்பையிலிருந்து நாடாவாக விழவேண்டும். குழிவான சின்னத் தாச்சியில், தேங்காயெண்ணெயில், ஒவ்வொன்றாகத்தான் சுடவேண்டும். ஓர் அகப்பை மா விட்டதும் ஓரம் சிவக்கத் தொடங்கும், நடு இன்னும் இளகியிருக்கும். அப்போது நடுவில் ஈர்க்கைக் குத்திச் சுழற்றியபடி, மற்றக் கையால் சூடான எண்ணெயை அள்ளி அள்ளி ஊற்றுங்கள். மா ஈர்க்கைச் சுற்றித் திரண்டு கொண்டையாக எழும்பும். எண்ணெய் கொதித்திருந்தால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும். சூடு போதாவிட்டால் பரந்து எண்ணெய் குடிக்கும். சில விநாடி தாமதித்தாலும் நடு இறுகிவிடும், பிறகு கொண்டை வராது.

ருசியில் கெவும் ஒரு படி மேல்: ஓரம் மொறுமொறுப்பு, கொண்டைக்குள் பஞ்சு. இருந்தும், நிறையப் பேருக்குத் தட்டு நிரப்ப ஒருவர் மட்டும் அடுப்படியில் நிற்பதானால் அரியதரத்தையே சுடுங்கள். ஈர்க்குப் பிடிக்க இன்னொரு கை இருந்தால் கெவும்.