பாலாறா, படவேடா, கம்பமா? வேலூர்க்காரர்களுக்கு ஒரு சைக்கிள் ஒப்பீடு

ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றோரம் மெல்க் ஊரிலிருந்து கிரெம்ஸ் வரை ஒரு சைக்கிள் வழி போகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சரிவில் திராட்சை. பெரும்பகுதி மோட்டார் வண்டி வராத தனிப் பாதை. அந்த வாக்காவ் பள்ளத்தாக்கு 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. படத்தைப் பார்க்கிற யாரும் அடுத்துக் கேட்பது, "நம்ம பக்கம் இப்படி எங்க ஓட்டலாம்?" என்பதுதான்.

வேலூரைச் சுற்றி ஊர் விட்டு ஊர் போகும் அளவுக்குத் தனிப் பாதை கிடையாது. இங்கே வண்டி இல்லாத சாலை என்றால் பாதி இடம், பாதி நேரம். அதே சாலை காலை ஐந்தரைக்குக் காலியாக இருக்கும், எட்டரைக்கு ஷூ கம்பெனி வேனும் பள்ளி பஸ்ஸுமாக நிரம்பிவிடும். அதனால் மூன்று வழிகளையும் தூரத்தை வைத்து மட்டும் ஒப்பிட முடியாது. எத்தனை மணி வரை ஓட்டலாம், எந்த மாதத்தில் ஓட்டலாம், பஞ்சர் ஆனால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வீட்டு வாசலில் இருக்கும் பாலாறு. தென்கரையை ஒட்டித் தேசிய நெடுஞ்சாலை 48 போவதால் அதில் சைக்கிள் ஓட்டுவது வீண் வேலை. வடகரையில் காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகக் குடியாத்தம் போகும் சாலை சுமார் 30 கி.மீ. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழரைக்குள் முடித்துவிட்டால் சுகம், அதற்குப் பிறகு பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் வழிவிட்டே நேரம் போகும். குடியாத்தத்தில் ரயில் நிற்பதால் திரும்பும்போது ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

இதைவிட நல்லது தென்கரைச் சுற்று. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் பக்கம் தொடங்கி, கிராமச் சாலைகளில் பள்ளிகொண்டா வரை போய், நெடுஞ்சாலையைக் கடந்து அணைக்கட்டு வழியாக வேலூர் திரும்பலாம். நெடுஞ்சாலையைக் கடப்பது சுரங்கப்பாதை வழியாக மட்டும்தான். சென்டர் மீடியன் இடைவெளியில் சைக்கிளைத் தூக்கிக் கடக்கிற பழக்கம் உயிரோடு விளையாட்டு. அணைக்கட்டு பக்கம்தான் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளுக் கத்தரி விளைகிறது. திராட்சை இல்லாவிட்டாலும் அதைக் காரக்குழம்பில் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

பாலாற்றின் குறை இரண்டு. ஒன்று, ஆறு கண்ணில் படுவதே அபூர்வம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷம் மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் பார்க்கலாம். மற்றபடி மணலும் புதரும்தான். மழை நேரத்தில் தரைப்பாலங்களை நம்பிப் போகக்கூடாது. 2021 நவம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. இரண்டாவது குறை வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேல முள்.

இந்த முள்ளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி வராத சாலை என்றாலே அங்கே முள் அதிகம். லாரி ஓடும் சாலையில் டயர்களே முள்ளை ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஆள் நடமாட்டம் குறைந்த கரைச் சாலையில், விறகு வெட்டி இழுத்துப்போன தடத்தில், முள் அப்படியே கிடக்கும். குத்தியதும் காற்று உடனே இறங்காது. முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட வரும். முள்ளைப் பார்த்தவுடன் பிடுங்காமல், முதலில் அது குத்திய இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துவிட்டுப் பிடுங்குங்கள். டியூபில் ஓட்டையைத் தேடும் வேலை மிச்சம். பேட்ச் ஒட்டியதும் டயரின் உள்பக்கம் ஒரு துணியால் சுற்றுமுழுக்கத் துடைத்துப் பாருங்கள். உடைந்த முனை ரப்பருக்குள் தங்கியிருந்தால் நூல் சிக்கும். வெறும் விரலால் தடவினால் விரலிலும் ஏறும். இதைச் செய்யாமல் மாட்டினால் சிறிது தூரத்தில் அதே இடத்தில் மறுபடியும் பஞ்சர்.

38 மி.மீ. அகல டயர், 70 கிலோ ஆளுக்கு 50 முதல் 55 பி.எஸ்.ஐ. காற்று, டயருக்கும் டியூபுக்கும் நடுவே லைனர் என்ற தடுப்புப் பட்டை இருந்தால் முக்கால்வாசித் தொல்லை தீரும். 25 மி.மீ. ரோடு பைக்கில் இந்தக் கரைச் சாலைகளுக்குப் போகவே வேண்டாம்.

அடுத்தது படவேடு. வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகச் சுமார் 35 முதல் 40 கி.மீ. ஜவ்வாது மலை அடிவாரம். சுற்றிலும் மலை, நடுவில் வாழையும் தென்னையும், கமண்டல நாகநதி. ஒரு காலத்தில் சம்புவராயர் தலைநகர். மாவட்டக் கணக்கில் திருவண்ணாமலையைச் சேர்ந்தது என்றாலும், பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது வேறு ஊர் இல்லை. பள்ளத்தாக்கு என்ற சொல்லுக்கு மூன்றில் மிகவும் பொருந்துவது இதுதான். பாலாற்றுச் சமவெளியில் மலை தூரத்தில் நிற்கும், இங்கே தோளுக்குப் பக்கத்தில் இருக்கும்.

சந்தவாசல் திருப்பம் வரைக்கும் திருவண்ணாமலை மெயின் ரோடு, அதுதான் இதில் மோசமான பகுதி. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தச் சாலைப் பக்கமே போகாதீர்கள். ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் படவேட்டுக்குள்ளும் நுழைய முடியாது. மற்ற நாட்களில் சந்தவாசல் திரும்பியதும் சத்தம் அடங்கிவிடும். படவேட்டுக்கு அப்பால் செண்பகத்தோப்பு அணை வரை போய்வரலாம். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் இடங்களில் சேறு சாலைக்கு வழிந்திருக்கும், வளைவில் முன் பிரேக்கைத் தொடாமல் போங்கள்.

இதே மலையடிவாரத்தில் அமிர்தியும் இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ., கணியம்பாடியில் மேற்கே திரும்ப வேண்டும். அரைநாளுக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை உயிரியல் பூங்காவுக்கு வரும் பைக் கூட்டத்தைத் தவிர்த்தால் நல்ல சாலை.

திராட்சைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்குத் தேனி மாவட்டத்துக் கம்பம். அதற்கு இரண்டு இரவு ரயிலும் இரண்டு நாள் லீவும் வேண்டும். பலன் உண்டு. பெரியாறு அணையிலிருந்து குகை வழியாக வரும் தண்ணீர், 14,707 ஏக்கர் இருபோக நெல், அதற்கு மேட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது.

தேனியிலிருந்து கம்பம் போகும் நெடுஞ்சாலை 183 குமுளி வழியாகக் கேரளா போவது. கார்த்திகை ஒன்று முதல் மகர விளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வேன் வரிசைதான். அதை விட்டுவிட்டுப் போடியிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் வழியாக, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு கம்பம் போவது சுமார் 40 கி.மீ. மறுநாள் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருக்கும் காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி சுற்று. பந்தல்கள் சாலையை ஒட்டியே இருக்கும்.

கவாத்து செய்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்டு, ஏறக்குறைய 120 நாளில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாதம் மாறுவதால் ஆண்டு முழுக்க எங்கேயாவது பழம் இருக்கும். ஒரு பந்தலில் கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கும், வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்த தோட்டம் மொட்டைக் குச்சியாக நிற்கும். முதல் மொட்டைத் தோட்டத்தைப் பார்த்து ஏமாந்து திரும்பிவிடாதீர்கள், இன்னும் இரண்டு கிலோமீட்டர் போங்கள். இலையில் வெளிர்நீலக் கறை தெரிந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை என்ற பூஞ்சாண மருந்து. கேட்காமல் பறிக்கக்கூடாது என்பது ஒரு பக்கம், மருந்தடித்த பழத்தைக் கழுவாமல் வாயில் போடக்கூடாது என்பது இன்னொரு பக்கம். பழம் வெட்டும் தோட்டத்தில் அரைக்கிலோ வாங்கி அங்கேயே தின்றுவிடுங்கள். பையில் வைத்தால் குலுக்கலில் சாறாகிவிடும்.

கம்பம் நோக்கிப் போகும் சாலை மெல்ல ஏறிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். ஆனி, ஆடியில் மேல்காற்றும் எதிர்த்து அடிக்கும். அந்த மாதங்களில் ஏறும் பகுதியை விடியலிலும், தேனி நோக்கி இறங்கும் பகுதியை மதியத்துக்குப் பிறகும் வைத்துக்கொண்டால் அதே காற்று முதுகைத் தள்ளிக் கொடுக்கும்.

நேரம் ஒரு காலைதான் என்றால் அமிர்தி, ஒரு முழுநாள் என்றால் படவேடு. முதல்முறை நெடுந்தூரம் ஓட்டுபவருக்குக் கம்பத்தைவிடப் படவேட்டைத்தான் சொல்வோம். ஏதாவது கோளாறு என்றால் ஒரு போன் தூரத்தில் வீடு. பாலாறு பயிற்சிக்கு நல்லது, அழகுக்காக அதைத் தேர்ந்தெடுப்பது பெருந்தன்மை. பங்குனி முதல் வைகாசி வரை வேலூர் பக்கம் ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுவதே தவறு. மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் குடித்தாலும் உப்பு சேராவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

கம்பத்துக்குப் போக, சென்னை சென்ட்ரல்–போடிநாயக்கனூர் எக்ஸ்பிரஸ் வாரம் மூன்று நாள் காட்பாடி வழியாகவே போகிறது. சென்னையில் இரவு கிளம்பிக் காட்பாடிக்கு நள்ளிரவு தாண்டி வருவதால், டிக்கெட்டில் தேதி அடுத்த நாளாக இருக்க வேண்டும். இதில் தவறுபவர்கள் நிறைய. சைக்கிளைப் பார்சல் ஆபீசில் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் புக் செய்யுங்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைப் பிரேமில் கட்டி, பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிவிடுங்கள். தேனியில் ரயில் சிறிது நேரமே நிற்பதால் இறக்க நேரம் போதாமல் போகலாம். கடைசி நிறுத்தமான போடி வரை புக் செய்வதே பத்திரம்.

டியூப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிராமத்துக் கடையில் கிடைப்பது 26 அங்குலமும், பழைய 28×1½ அங்குலமும்தான். இப்போதைய ரோடு, ஹைப்ரிட் சைக்கிள்களின் 700சி அளவு டியூபைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அவசரத்துக்கு 28×1½ டியூப் 38 மி.மீ. டயருக்குள் அடங்கும். ஆனால் அதன் வால்வு தடிமன், பிரெஸ்டா என்ற மெலிந்த வால்வுக்கான சின்னத் துளை போட்ட ரிம்மில் நுழையாது. ஆகவே பிரெஸ்டா வைத்திருப்பவர்கள் இரண்டு டியூபும், கடைப் பம்பில் மாட்ட ஒரு பித்தளை அடாப்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.