கேடிக்யூஓஎல்-36 கேள்வித்தாள்: டயாலிசிஸ் நாற்காலியில் இருந்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வருஷம் ஒரு முறை இந்தக் கேள்வித்தாள் கைக்கு வரும். சிறுநீரக நோயோடு வாழ்கிறவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது இது. ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பங்கோடு உருவானது. 2008-இல் வந்த மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) விதிமுறைகளுக்குப் பிறகு மையங்கள் இதை வழக்கமாக்கிக்கொண்டன. நான் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு மையத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி போகிறவள். என்னோடு வருகிறவர்களில் பலர், சீக்கிரம் முடிந்தால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மொத்தம் 36 கேள்விகள். முதல் 12 யாருக்கும் பொருந்துகிற பொதுவான கேள்விகள். அடுத்த நாலுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை. அதில் ஒன்று, குடும்பத்துக்குப் பாரமாக இருப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்கிறது. எந்த டாக்டரும் ரவுண்ட்ஸ் வரும்போது என்னிடம் இதைக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கடந்த நாலு வாரத்து உடம்புத் தொந்தரவுகள்: அரிப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு, மூச்சு வாங்குவது, கை கால் மரத்துப்போவது, துவண்டு போவது என்று 12. பொட்டாசியமும் பாஸ்பரஸும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இந்தப் பகுதிக்காகவே இதற்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

ஒன்றரையைக் குறைத்ததற்கும் காரணம் இருக்கிறது. உடம்புத் தெம்பை அளக்க கோல்ஃப், பௌலிங், வாக்யூம் கிளீனர் என்று உதாரணம் கொடுக்கிறார்கள். நான் கோல்ஃப் ஆடியதே இல்லை. மாவோடு இருக்கிற கிரைண்டர் பாத்திரத்தைத் தூக்கி மேடையில் வைக்க முடிகிறதா என்று கேட்டால் உடனே பதில் சொல்வேன். தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. டயாலிசிஸ் முடிந்து பழைய நிலைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்ற கேள்வியும் இல்லை. எங்களுக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு என்ன இருக்கிறது?

கொடுக்கிற விதமும் சரியில்லை. ஒரு கையில் ஊசி இரண்டும் குத்தியிருக்கும், அந்தக் கையை அசைக்க முடியாது. அதனால் சோஷியல் ஒர்க்கர் பக்கத்தில் நின்று கேள்வியை வாசிப்பார். கடைசிப் பகுதியில் தாம்பத்திய வாழ்க்கை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்த நாற்காலி நாலடி தள்ளி. யார் உண்மையைச் சொல்வார்கள்? தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பித் தருகிறேன் என்று கேளுங்கள்; கொடுக்கிறார்கள்.

அப்புறம் இருக்கிறது பெரிய குறை. பதில்களை மதிப்பெண்ணாக்கி ஃபைலில் வைத்துவிடுவதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. சோஷியல் ஒர்க்கர் பார்ப்பார், டாக்டர் கண்ணில் பட்டதா என்பது சந்தேகம். அதனால் போன முறை நான் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொண்டேன். துவண்டு போவது, தசைப்பிடிப்பு இரண்டிலும் மிக மோசம் என்று குறித்திருந்தேன். பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: "வெள்ளிக்கிழமை டயாலிசிஸ். சனி மத்தியானம் வரை எழுந்து நிற்க முடியவில்லை. கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்கால் இழுக்கிறது." டாக்டர் வந்ததும், எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்பதற்கு முன்னால் தாளை நீட்டினேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். கொஞ்ச மாதமாக நன்றாகப் பசிக்கிறது என்றேன். விஷயம் அங்கேதான் இருந்தது. எனக்குச் சதை போட்டிருக்கிறது, ட்ரை வெயிட், அதாவது அதிகப்படி நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது. உடம்பில் இல்லாத நீரை மெஷின் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. ட்ரை வெயிட்டை அரை கிலோ ஏற்றினார். உறிஞ்சும் வேகம் குறையட்டும் என்று டயாலிசிஸ் நேரத்தை 20 நிமிஷம் கூட்டினார். டயட்டீஷியன் வந்து ஊறுகாயையும் அப்பளத்தையும் விசாரித்துவிட்டுப் போனார். உப்பு கூடினால் தாகம், தாகம் கூடினால் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை. இப்போது கால் இழுப்பது அபூர்வம். சனிக்கிழமை காலைச் சமையல் மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. மெஷின் அதேதான், மருந்துகளும் அவையேதான்.

ஆகவே தாளை வாங்குங்கள், மணிக்கணக்கோடு எழுதுங்கள், நகலை டாக்டர் கையில் நீங்களே கொடுங்கள். அடுத்த வருஷம் வரை காத்திருக்கவும் வேண்டாம், உடம்பு மாறும்போதெல்லாம் செய்யலாம். ஊரில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்தால், இந்தக் கேள்வித்தாள் ரேண்ட் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 17 முதல் 28 வரையுள்ள தொந்தரவுக் கேள்விகளை மட்டுமாவது அவர்களிடம் தமிழில் கேட்டு, பதிலை ஒரு தாளில் குறித்து, அடுத்த டயாலிசிஸுக்குக் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.