ஷோனிங்கன் அருங்காட்சியகம்: ஈட்டிகளுக்கு முன் எலும்புகளைப் பாருங்கள்

ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில், பழுப்பு நிலக்கரி வெட்டிய பெரும்பள்ளத்தின் ஓரத்தில் இருக்கிறது ஷோனிங்கன் ஆய்வு அருங்காட்சியகம். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஆதிமனிதர்கள் செய்த மர ஈட்டிகளைத் தேடித்தான் வருகிறார்கள். நான் கால்நடை உடற்கூறியல் கற்பித்தவன். என்னை அசையவிடாமல் பிடித்து வைத்தவை அவற்றோடு கிடைத்த குதிரை எலும்புகள்.

1980களில் லூயிஸ் பின்ஃபோர்டு போன்ற ஆய்வாளர்கள், ஆதிமனிதர்கள் பெரிய விலங்குகளை வேட்டையாடவில்லை, மற்ற மிருகங்கள் தின்றது போக மிஞ்சியதையே எடுத்துக்கொண்டார்கள் என்று வலுவாக வாதிட்டார்கள். அந்த வழக்குக்கு எலும்பே சாட்சி. கல் கத்தியின் கீறல் மெல்லியது, அடியில் கூராகக் குவியும். பல் தடமோ அகன்று, வழவழப்பாக இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால், எது மேலே என்று பார்க்க வேண்டும். பல் தடத்தை வெட்டிக்கொண்டு கத்தி ஓடியிருந்தால் மனிதன் பிந்தி வந்தவன். கத்திக் கீறலின் மேல் பல் பதிந்திருந்தால் அவனே முதலில் வந்தவன். ஷோனிங்கன் எலும்புகள் சொல்வது இரண்டாவதை. சதை எலும்போடு பற்றியிருக்கும் இடங்களில் கீறல்கள், மஜ்ஜைக்காக உடைத்த நீள எலும்புகள். இறைச்சி முழுதாக இருந்தபோதே அறுத்திருக்கிறார்கள். இப்படி 20க்கும் மேற்பட்ட குதிரைகள்! ஓநாய்களுக்குக் கிடைத்தது மிச்சம்தான்.

அதன்பின் ஈட்டிகளிடம் போனால் அவை வேறு மாதிரி தெரிகின்றன. ஹார்ட்முட் தீமேயின் குழு 1994 முதல் தோண்டியெடுத்தவை இவை. பழைய ஏரிக்கரையின் ஈரச் சேறு மரத்தை மக்கவிடாமல் காத்திருக்கிறது. பெரும்பாலானவை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம், நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். மரத்தின் அடிப்பகுதி கடினமானது என்பதால் முனையை அங்கேதான் சீவியிருக்கிறார்கள். அதிலும் நடுவே ஓடும் மென்மையான உள்தண்டை ஒதுக்கி, கூர்முனையைச் சற்று விலக்கி வைத்திருக்கிறார்கள். என்ன கைத்தேர்ச்சி! இவற்றின் நகல்களை ஈட்டி எறியும் வீரர்களிடம் கொடுத்துச் சோதித்ததில், 20 மீட்டர் தொலைவில் இருந்த இலக்கையும் தாக்கினார்கள்.

வயதைப் பற்றி ஒரு குறிப்பு: முதலில் 4 லட்சம் ஆண்டுகள் என்றும், பிறகு 3 லட்சம் ஆண்டுகள் என்றும் சொல்லிவந்தார்கள். 2025இல் வெளியான ஆய்வு ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகள் என்கிறது. அதன்படி பார்த்தால் இவற்றைச் செய்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்களாக இருக்கலாம்.

பழைய புத்தகங்களின் படங்களில் மட்டும் எலும்பைப் பார்த்த மாணவர்களை அவசியம் அழைத்துப் போங்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள். கையோடு ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.