உதவி அனுப்புவதா, உடன் வாழ்வதா?

செல்வர் பகுதியிலுள்ள திருச்சபை, ஏழைகள் வாழும் பகுதிக்குப் பணமும் பொருளும் அனுப்பும்போது பசியும் மருத்துவச் செலவும் விரைவில் தீர்கின்றன. ஆனால் எது தேவை என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்துவிடுகிறார்.

அங்கேயே குடியேறுவது மற்றொரு வழி. 1884-இல் ஆங்கிலிக்கன் குருவான சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் கிழக்கு லண்டனின் வைட்சாப்பலில் டாயின்பி ஹால் என்ற குடியிருப்பு மையத்தைத் தொடங்கி, பல்கலைக்கழகத்தில் பயின்றவர்களை ஏழைகளின் அயலாராகத் தங்கச் செய்தார்கள். பிற்காலத்தில் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்த வில்லியம் பெவரிட்ஜும் அங்கே பணியாற்றியவரே.

பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் ஒதுக்குவதை விவிலியத்திலுள்ள யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) 2-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. அனுப்பப்படும் உதவி, எவ்வளவு பெரிதாயினும், அந்த இருக்கை வரிசையை மாற்றுவதில்லை என்பதால் இரண்டாவது வழியையே நான் உயர்வாகக் கருதுகிறேன். குடும்பப் பொறுப்பினால் குடிபெயர இயலாதவர்கள், காணிக்கையைச் செலவிடும் அதிகாரத்தையேனும் அப்பகுதி மக்களிடம் ஒப்படைக்கலாம்.