கே போட்ட புரொசசர், பூட்டிய போர்ட்: கண்டியில் செட் எடுக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கமிருந்து கண்டிக்குப் போய் கம்பியூட்டர் செட் எடுக்க நினைக்கிறவர்கள், முக்கியமாக ஓவர்குளொக் செய்யும், அதாவது புரொசசரை அதன் வழமையான வேகத்துக்கு மேல் ஓட வைக்கும் எண்ணத்தில் இருக்கிற பிள்ளைகள், முற்பணம் கட்டுமுன் இதை வாசித்துவிடுங்கள்.

தங்கச்சி கலியாண வீடியோ எடிட்டிங் செய்கிறாள். அவளுக்காக இன்டெல் ஐ5-12600கே கேட்டேன். ஓவர்குளொக் செய்யத்தான் இந்த மொடல், அதற்கேற்ற மெயின்போர்டும் கூலரும் வேண்டும் என்று வட்ஸ்அப்பிலேயே எழுதினேன். "எல்லாம் செய்யலாம் தம்பி, நம்பி எடுங்க" என்று கடைக்காரர் பதில் போட்டார். காசை முழுதாக வாங்கி, செட்டைப் பொருத்தி, பக்கத் தகட்டில் வொரண்டி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பில்லில் ஒரே வரிதான்: "ஐ5 12ஆம் தலைமுறை கேமிங் செட்".

வீட்டில் உள்ளே இருக்கிற பாகங்களின் பெயரைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். புரொசசர் கேட்டதுதான், அதில் பொய்யில்லை. அதில் மெயின்போர்ட் பக்கத்தைத் திறந்தால், போர்டின் வகையைச் சொல்லும் சிப்செட் எச்610! வயிறு பற்றி எரிந்தது. இன்டெல்லில் புரொசசர் பெயரில் கே இருந்தால் மட்டும் போதாது, போர்டும் இசட் வகையாக இருக்க வேண்டும். 12ஆம் தலைமுறைக்கு இசட்690 அல்லது இசட்790. பி660, பி760 போர்டுகளில் ரேமின் வேகத்தைக் கூட்டலாம், புரொசசரைக் கூட்ட முடியாது. எச்610இல் இரண்டுமே இல்லை. வேகத்தைக் கூட்ட விடும் பூட்டில்லாத புரொசசருக்குரிய காசை வாங்கிக்கொண்டு, அதைப் பூட்டி வைக்கிற போர்டில் பொருத்தித் தந்திருக்கிறார்கள்.

அடுத்தது கூலர். கே வகைப் பெட்டிக்குள் இன்டெல் கூலர் வைப்பதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். மேல் ஓட்டைகள் வழியாக டோர்ச் அடித்துப் பார்த்தேன். வேறு ஏதோ சின்ன புரொசசரோடு வந்த குட்டி அலுமினியக் கூலர், நான்கு பிளாஸ்டிக் பின்னில் நின்றுகொண்டிருந்தது. இந்த புரொசசர் முழு வேகத்தில் 150 வொட் வரை இழுக்கும். வீடியோ ரெண்டர் ஓட விட்டதும் சூடு 100 பாகைக்குப் போய், வேகம் தானாக இறங்கிவிட்டது.

போன் எடுத்துக் கேட்டால், "நுவரெலியாக் குளிருக்கு இது காணும்" என்றார். இந்தக் கதையை யாரும் நம்பாதீர்கள். அறை 10 பாகை குளிர்ந்தால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அந்தப் 10 பாகைதான் குறையும், கூலருக்குப் புதுப் பலம் வராது. அதோடு நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஐதான காற்று சூட்டையும் குறைவாகத்தான் கொண்டுபோகும்.

நேரில் போனோம். போர்டை மாற்றித் தர மேலதிகமாகக் காசு கேட்டார்கள். இல்லாவிட்டால் பாவித்த ஐ7-13700கே ஒன்று, பெட்டி இல்லாமல், மலிவாக இருக்கிறதாம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பழுதாகும் குறையை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அதற்கு வந்த பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இனிமேல் பழுதாகாமல் தடுக்கத்தான், ஏற்கெனவே பழுதானதைத் திருத்தாது. இன்டெல் வொரண்டியை 2 வருடம் நீட்டியது உண்மை. ஆனால் பெட்டியும் பில்லும் இல்லாத சிப்புக்கு யாரிடம் போய் வொரண்டி கேட்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஏஎம்டியின் ரைசன் புரொசசர் எடுப்பவர்களும் கவனம். பெரும்பாலான ரைசன்களில் பூட்டு இல்லை, ஆனால் ஏ520 போர்டில் புரொசசரை ஓவர்குளொக் செய்ய முடியாது. பி550 போல ஒன்று வேண்டும். ரைசன் 5800எக்ஸ்3டி வழமையான ஓவர்குளொக்குக்குப் பூட்டியே வந்தது.

எந்தக் கடையானாலும் புரொசசர், போர்ட், கூலர் மூன்றின் முழு மொடல் பெயரையும் தனித்தனி விலையோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். புரொசசர், போர்ட் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். செட்டை மூடி ஸ்டிக்கர் ஒட்டுமுன் அங்கேயே ஓன் செய்து சிபியு-இசட்டில் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஏமாற்றப்பட்டிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். பில்லில் போர்டின் பெயரே இல்லை என்பதுதான் இப்போது கடைக்காரரின் வாதம். சிபியு-இசட் படத்தையும் அவர் போட்ட வட்ஸ்அப் பதிலையும் இணைத்து நாங்கள் முறைப்பாடு கொடுத்துவிட்டோம்.